புரோட்டானுக்குள் நாலு வருடம்

எலக்ட்ரானைப் புரோட்டான் மேல் மோதவிட்டு, அது தெறிக்கும் தினுசைப் பார்த்து உள்ளே குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள் எப்படி இருக்கின்றன என்று ஊகிப்பதுதான் எங்கள் தொழில். பூட்டிய வீட்டின் மேல் கல்லெறிந்து உள்ளே எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பது போல. மோதல் நடப்பது வெளிநாட்டில். அதன் பதிவுகளை ஐயம்பேட்டை வீட்டில் லேப்டாப்பில் கிளறுகிறவள் நான். முனைவர் பட்டத்துக்காக இதில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக பாவிகளே, இது உங்களுக்கு.

பிரிண்ட் கடை அண்ணன்

கருத்தரங்குக்குப் போஸ்டர் அச்சடிக்க காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். மோதல் படத்தில் சிதறிய கோடுகளைப் பார்த்து, இது என்ன என்றார் கடைக்கார அண்ணன். குவார்க்கைத் தனியாக வெளியே எடுக்க முடியாது, இழுக்கிற சக்தியே புதுத் துகள்களாக மாறி அதைச் சூழ்ந்துகொள்ளும், கடைசியில் வருவது ஒரு கூட்டம்தான் என்று உற்சாகமாக விளக்கினேன். போஸ்டரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடி சொன்னார்: "ஒடச்சா துண்டுதானம்மா வரணும்? புதுசா சரக்கு வருதுன்னா நீங்க ஒடைக்கல, உற்பத்தி பண்ணிக்கினு இருக்கீங்க."

அம்மாவின் தீர்ப்பு

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடை தெரிந்தால் கணக்கை அதன் பக்கம் வளைத்துவிடுவோம் என்று பயந்து, கணினி ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி உண்மை விடையை மறைத்து வைக்கும். எல்லா வேலையும் முடிந்து, ஆய்வுக் குழு சம்மதித்த பிறகே திறக்கலாம். திறந்தபின் எதையும் மாற்றக்கூடாது. பிசகியிருந்தால் நாலு வருட உழைப்பும் பட்டமும் அம்போ.

சொந்தக் கணக்கையே பார்க்கக்கூடாதா என்று ஊரே என்னைக் கேட்டது. அம்மா மட்டும் கேட்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியை. பொதுத்தேர்வுத் தாள்களைப் பெயர் தெரியாமல் திருத்திப் பழகியவள். "பேர் தெரிஞ்சா கை தானா ரெண்டு மார்க் சேத்துப் போட்டுடும். உங்க ஆளுங்களும் மனுசங்கதான."

திறந்த நாள்

திறக்கவிருந்த அன்று காலை ஒரு தவறு கண்ணில் பட்டது. ஒரு வாரத்து மோதல்களை இரண்டு முறை சேர்த்திருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. குழுவிடம் சொல்லிவிட்டேன். திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் வீடியோ கூட்டத்தில் திறந்தார்கள். பழைய சோதனைகள் சொன்ன அதே இடத்தில் என் விடையும் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், பட்டம் பிழைத்தது. எனக்கோ புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அழுகை வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் தட்டிலிருந்த மீன் துண்டை எனக்கு எடுத்து வைத்தார். "நாலு வருசம் சுத்தி பழைய எடத்துக்கே வந்துட்டியா? நான் தெனம் அப்படித்தாம்மா வந்துக்கினு இருக்கேன். சாப்புடு."

புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு இப்போது முன்பைவிடக் கொஞ்சம் குறைந்த சந்தேகத்தோடு தெரியும். அதற்குப் பெயர்தான் முனைவர் பட்டம்.