கட்டிலுக்கடியில் இருந்த டிரம்

பட்டாளத்தில் பேண்டுக்காரன் என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவனைப் பீப்பீ ஊத விட்டார்களா என்பார்கள். எனக்குத் துப்பாக்கியும் தெரியும். அடிபட்டவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடவும் பழக்கியிருந்தார்கள். ஆனாலும் என் உத்தியோகம் சைடு டிரம். தோள்வாரில் தொங்கும், நடக்க நடக்க இடது தொடையில் இடிக்கும். அந்தக் காய்ப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

அறுபதாம் வருஷத்தை ஒட்டி அந்த டிரம்மோடு ஒரு வருஷம் எகிப்துப் பாலைவனத்தில் திரிந்தேன். எல்லையில் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்ளப் பல நாட்டுப் பட்டாளங்கள் அங்கே கூடாரம் அடித்திருந்தன. எங்கள் பேண்டுக்கு வேலை, லாரி ஏறி முகாம் முகாமாகப் போய் வாசிப்பது. இன்று சுவீடன்காரன் முகாம், நாளை பிரேசில்காரன் முகாம். பிரேசில்காரர்கள் காபி கொடுத்து, எங்கள் மார்ச்சுக்கு இடுப்பை ஆட்டுவார்கள். சுவீடன்காரர்கள் டப்பா மீனைக் கொடுத்துவிட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்பார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். அதில் குடிப்பதா, வெள்ளைக் கையுறை துவைப்பதா என்பதுதான் எங்கள் அன்றாடச் சண்டை.

கடலோர முகாம் ஒன்றில் விடியற்காலையில் பனி கொட்டி டிரம் தோல் தொய்ந்துவிட்டது. அணிவகுப்புக்கு அரைமணி நேரம்கூட இல்லை. கயிற்றை எவ்வளவு இழுத்தும் சத்தம் பிசுபிசுத்தது. நான் யோசிக்கவே இல்லை. ஆரஞ்சுப் பெட்டியில் கிடந்த வைக்கோலை அள்ளிக் கொளுத்தி, டிரம்மைப் புரட்டிப் புரட்டிக் காட்டினேன். விரலால் சுண்டினேன். தோல் கணீரென்று பேசிற்று.

பின்னால் பேண்ட் மாஸ்டர் நின்றிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், கோபக்காரர். சர்க்கார் டிரம்மை நெருப்பில் காட்டியதற்கு உதை விழும் என்று நினைத்தேன். அவர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பேஷ்! யாருப்பா சொல்லிக் குடுத்தது?" என்றார்.

சொல்லிக் கொடுத்தவர் அப்பா. கம்மாபுரம் பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தால் அவர்தான் பறையடிக்கப் போவார். அவர் வைக்கோல் கொளுத்தித் தோல் காய்ச்சுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். என் கைக்குத் தாளம் வந்ததும் அங்கிருந்துதான்.

"யாரும் சொல்லித் தரலீங்க சார். எங்க ஊருக்கு சர்க்கஸ் வந்தப்ப பாத்தேன்" என்றேன்.

நல்ல பொய்கூட இல்லை. அவர் நம்பினாரோ என்னவோ, "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதே முகாமில் இருந்தபோது வேறு நாட்டுச் சிப்பாய் ஒருவன் ஜீப் கவிழ்ந்து செத்தான். பெயர் எங்கள் வாயில் நுழையாது. அவர்களுக்கு அங்கே பேண்டு இல்லாததால் நாங்கள் போனோம். டிரம்முக்குக் கறுப்புத் துணி சுற்றி, அடித்தோலில் அதிர்வுக்காகக் கட்டிய நரம்பைத் தளர்த்திவிட்டு, மெதுநடைக்கு அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம். பெட்டிக்கு முன்னால் நாங்கள் நடந்தோம். வேலையில்லாத சிப்பாய்கள் வழி நெடுகத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றார்கள். கழுதை வண்டிக்காரக் கிழவர் ஒருவர் இறங்கி நின்றார். புதைத்துவிட்டுத் திரும்பும்போது வேகமான மார்ச் வாசிக்க வேண்டும்; அது பட்டாளத்து வழக்கம். முன்பின் தெரியாத அவனுக்காக அன்று நான் ஓர் அடிகூடத் தப்பாமல் அடித்தேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது ஊரே இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு நிலம் இருந்தால்தானே பணம் வரும். அப்பா கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போய்விட்டார். பறையை யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

"இனிமே எவன் சாவுக்கும் நா போவ மாட்டேன்டா. போதும்" என்றார்.

அந்தச் சிப்பாயின் சாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, தொப்பி கழற்றிய இடத்துக்குத் திரும்பி வந்தார்.

"இன்னொரு தபா சொல்லு. நீ அடிச்சிகினு போவ சொல்ல எல்லாரும் எய்ந்து நின்னாங்களா?"

"ஆமாம்ப்பா."

"நா அடிச்சா ஒதுங்கித்தானேடா நின்னானுங்க." சிரித்தார். "நா செத்தா அதுமாரி மெதுவா அடிச்சிகினு முன்னால நட. திரும்பி வர சொல்ல என்னமோ குஷியா அடிப்பேன்னியே, அது வேணாம். போற வரைக்கும் அடி, போதும்."

சரி என்றேன். அவர் கையில் நான் பேண்டு உடுப்பில் எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். அவர் கேட்டது அந்த மெதுநடை அடி ஒன்றுதான். வேறெதையும் அவர் என்னிடம் கேட்டதாக ஞாபகமில்லை.

பட்டாளத்தை விட்டு வந்ததும் நெய்வேலியிலேயே காவல் வேலை கிடைத்தது, பர்மனென்ட். குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். அப்பாவை அழைத்து வைத்துக்கொண்டேன். எங்கள் பிளாக்கில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் நான் "மிலிட்டரி" என்று முடித்துக்கொள்வேன். மிலிட்டரி சார் என்பதே என் பெயராயிற்று. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குப் பிள்ளைகளுக்குப் பேண்டு பழக்கச் சொன்னார்கள். அதற்கான டிரம் என் கட்டிலுக்கடியில்தான் இருக்கும்.

அப்பா அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். "சும்மா எல்லார்கிட்டயும் காட்டிகினு திரியாதப்பா" என்று சீறுவேன். "சரிடா" என்பார். மறுநாளும் போவார். அங்கே என்ன பேசுகிறார் என்று நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அறுபத்தாறாம் வருஷக் கடைசியில், நாலு நாள் காய்ச்சலில் அப்பா போய்விட்டார்.

கம்மாபுரத்துச் சொந்தக்காரர்கள் மேளத்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். "வேணாம், அப்பாவுக்குப் புடிக்காது" என்றேன். அது நிஜம்தான். அந்த நிஜத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

என் மனைவி கட்டிலுக்கடியிலிருந்து டிரம்மை இழுத்துத் துடைத்து வாசற்படி அருகே வைத்திருந்தாள். தன் கறுப்புப் புடவையில் ஒரு துண்டு கிழித்து மேலே போட்டிருந்தாள்.

"ஸ்கூல் சாமான். சாவுக்கெல்லாம் வெளிய எடுக்கக் கூடாது" என்றேன்.

"மாமா கேட்டாருங்களே."

"உள்ள வைன்னா வையி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டிரம்மைக் காலால் தள்ளாமல், குனிந்து தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எந்த டிரம்மாக இருந்தால் என்ன, பாடைக்கு முன்னால் அடித்தால் பிளாக்குக்கு அது ஒரே மேளம்தான். இத்தனை நாள் மூடி வைத்தது ஒரே அடியில் வெளியே வந்துவிடும். மிலிட்டரி சார் போய், சாவு மேளம் அடித்தவன் மகன் ஆகிவிடுவேன். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்கவில்லை.

மத்தியான ஷிப்டு மாறும் நேரத்தில் எடுத்தோம். சத்தமில்லாமல் போனோம். பிளாக் முனையிலிருந்து மெயின் ரோடு வரை ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுரங்கத்துத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. வெயிலில் தொப்பி புழுங்கியிருக்கும், அதனால் கழற்றியிருப்பார்கள் என்றுகூட நினைத்தேன். என் கால்கள் மட்டும் தாமாகவே மெதுநடையில் போய்க்கொண்டிருந்தன. விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. யாரும் பார்க்கும் முன் கையைக் கட்டிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அடுத்த வீட்டுக்காரர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், சுரங்கத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மிலிட்டரி சார், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஏனுங்க டிரம் வரல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க அப்பா எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாருங்க. 'நானும் மேளக்காரன்தான், எம் மவனுக்குக் கை எங்கிட்டருந்துதான் போச்சு, எஞ்சாவுக்கு அவன் மிலிட்டரி அடி அடிச்சிகினு வருவான், அப்ப நீங்க தொப்பிய கழட்டிகினு நிக்கணும்'னு. கேக்காத ஆளு பாக்கி இல்லீங்க. அதனாலதான் ஷிப்டுக்குப் போற நாங்களும் நின்னோம். கடைசி வரைக்கும் சத்தமே வரலீங்களே."

"ஸ்கூல் டிரம்ங்க. வெளிய எடுக்க முடியாது" என்றேன்.

"ஹெட்மாஸ்டரே எம் பக்கத்துலதானுங்க நின்னாரு" என்றார். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நான் மூடி வைத்ததாக நினைத்ததை அப்பா டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்த பிறகும்தான் எல்லோரும் என்னை சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

ஜனவரியில் பிள்ளைகளோடு மைதானத்தில் டிரம் அடித்தேன். ஓர் அடி தப்பவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது கொடிக்கு. அப்பாவுக்காக அவர்கள் நின்ற அன்று நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.