சத்தத்தைக் குறைத்துப் பார்த்த படம்

லண்டனில், டூட்டிங்கில் நான் மரக்கறி வாங்குகிற கடையில் போன கிழமை ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள், முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நேர் மேலே. கண்ணாடி போடாமல் போயிருந்தால் எதைப் பிடித்து நெரித்துப் பார்த்திருப்பேனோ தெரியாது. கீழே ஒரு பெட்டி நிறையப் பூசணிக்காய்கள். நான் ஒன்றைத் தூக்கியதும் கடைக்காரத் தம்பி, கறிக்கோ ஹலோவீனுக்கு முகம் வெட்டவோ என்று கேட்டார். கறிக்கு என்றேன். தனி ஆள் முகம் வெட்டி யாருக்குக் காட்டுவது?

வீட்டுக்கு வந்து பையைக் குசினி மேசையில் வைக்கிறபோதே வாணி தொலைபேசியில் வந்துவிட்டாள். வாணி, என் பழைய வீட்டுத் தோழர் சபா அண்ணையின் மகள். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறாள், விமான நிலையத்தில் வேலை. அவளுடைய மகளின் சிநேகிதிகள் ஹலோவீனுக்கு வீட்டுக்கு வருகிறார்களாம். அவர்களுக்குக் காட்ட ஒரு பேய்ப் படம் வேண்டும். பயமும் இருக்கவேண்டும், சிரிப்பும் இருக்கவேண்டும், அவர்கள் வயதில் யாரும் பார்த்திராததாகவும் இருக்கவேண்டும். "உங்களுக்குத்தானே மாமா உந்தப் பழைய படங்கள் எல்லாம் தெரியும்" என்றாள். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு வேறு என்ன தெரிந்திருக்கப்போகிறது என்று உலகம் நினைக்கிறது. உலகத்தின் கணிப்பு பெரிய பிழை என்றும் சொல்லமுடியாது.

நான் யோசிக்காமல் ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். அதன் ஆங்கிலப் பெயர் உங்களுக்கு வேண்டாம். எங்கள் பழைய வீட்டில் அதற்குக் 'கைப் படம்' என்றுதான் பெயர். சும்மா பெயரைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கலாம். கூடவே ஒரு சிபாரிசும் செய்தேன். "யன்னலடிக் காட்சி வரேக்கை பிள்ளையளைக் கதைக்காமல் இருக்கச் சொல்லு. செத்த மனுசன் தன்ரை பிள்ளை சாப்பிட்டவளோ எண்டு கேக்கிற இடம். அதுதான் படம்."

வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அப்படி ஒரு வசனம் அந்தப் படத்தில் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாய் முந்திவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். பரபின் ஹீட்டரும் மிளகாய்த்தூளும் ஈரக் காலுறையும் கலந்த ஒரு மணம் அந்த வீட்டுக்கு உண்டு. இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்கு அந்த முன்னறைதான் நினைவுக்கு வரும், ஊர் விளக்கு வராது. ஐந்து பேருடைய அகதி வழக்குகளும் எங்கேயோ யாருடைய மேசையிலோ கிடந்தன. வேலை, நித்திரை, வேலை. வாரக்கடைசியில் மட்டும் வீடியோ டெக்கில் படம். ஒரு டெக்கை ஐந்து பேரும் சேர்ந்து வாங்கியிருந்தோம். அந்த வீட்டில் நாங்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது.

சபா அண்ணை எங்களில் மூத்தவர். ஊரில் பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். இங்கே ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். கொண்டக்டர் தொண்டை அப்படியே இருந்தது. குசினியில் நின்று அவர் உப்புக் கேட்டால் மேல்மாடியில் நித்திரை கொள்கிறவன் எழும்பிக் கொண்டுவந்து கொடுப்பான். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் என்ற பெயரும் அவருக்குத்தான். காஸ்காரன் வந்தாலும் கவுன்சில்காரன் வந்தாலும் அவர்தான் முன்னுக்குப் போவார். அவருடைய ஆங்கிலத்தைச் சோதிக்கிற அளவுக்கு எங்கள் யாருக்கும் ஆங்கிலம் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களை எப்படியாவது இங்கே எடுத்துவிடவேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நினைப்பு. அவர்களோடு கதைப்பதென்றால், தொலைபேசி இருக்கிற வீடொன்றுக்கு அவர்கள் நடந்து வந்து காத்திருக்கவேண்டும். இவர் தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று இலக்கத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். ஊரடங்கு என்றால் அவர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் லைன் கிடைக்காது. ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன், அன்றைக்கு லைன் கிடைத்தது. பஸ்ஸையே அதிரவைத்த தொண்டையில் இருந்து "சுகமோ? ஓம், இஞ்சையும் சுகம்" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. திரும்பி வரும்போது, கேட்க நினைத்ததைக் கேட்க வாய் வருகுதில்லை என்றார்.

கைப் படம் வந்தது ஒரு சனிக்கிழமை. மூலையில் இருந்த குஜராத்திக்காரரின் வீடியோக் கடைக்கு எங்கள் பாலன் போயிருந்தான். வீட்டில் சமையல் பொறுப்பும் படம் எடுக்கிற பொறுப்பும் அவனுடையவை, இரண்டிலும் கைராசி கிடையாது. தமிழ்ப் படக் கசெட்டுக் கொப்பிகள் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டன என்று ஓர் ஆங்கிலக் கொப்பியைக் கொண்டுவந்தான். அட்டையில் ஒரு சூப் கோப்பை, அதற்குள் ஒரு வெட்டுண்ட கை. இன்றைக்கு வெள்ளைக்காரருக்கு ஹலோவீன் என்கிற பேய்த் திருநாள், அதற்குத் தோதான படம் என்று கடைக்காரர் சொன்னாராம். பேய்க்கும் திருநாளா என்று சிரித்துவிட்டுப் படத்தைப் போட்டோம்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஆட்கள் இல்லை. பாலன் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டான். வாசலில் முகமூடி போட்டவர்கள் நின்றார்கள். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால், முகத்தை மூடிய ஒரு ஆளை இருத்திவைத்து அவனுக்கு முன்னால் எங்களை ஒவ்வொருவராக நடத்துவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அவன் தலையை ஆட்டினால் போனவன் திரும்பி வரமாட்டான். எங்களில் மூன்று பேர் அந்த வரிசையில் நடந்தவர்கள். சபா அண்ணை எழும்பி லைட்டை அணைத்தார். டிவியின் சத்தத்தை ஒன்றுமில்லாமல் குறைத்தார்.

திரும்பவும் தட்டினார்கள். பிறகு குழந்தைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது, அந்த நாளில் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வருகிற குழந்தைகள். வெறும் பிள்ளைகள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒருவரும் எழும்பவில்லை. உடம்புக்கு அது தெரிய நேரம் எடுக்கும்.

இருட்டில் படம் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதை என்னவென்றால், ஒரு மனிதர் இறந்துபோகிறார். செத்தது தெரியாமல், தன்னுடைய செத்த வீட்டில் இருந்தே எழும்பி வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறார். வீட்டில் கதிரை மேசையை எல்லாம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இவர் முட்டி முட்டி விழுகிறார், விழுகிற நேரம் உடம்பில் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. யாருக்கும் இவரைத் தெரியவில்லை, நாய்க்கு மட்டும்தான் தெரிகிறது. பாலன் மெல்ல, அந்த மனுசன் என்ன சொல்கிறார் என்று அண்ணையிடம் கேட்டான். அண்ணை கொஞ்சம் செருமிவிட்டு, குசுகுசுத்த குரலில் தொடங்கினார்.

சவப்பெட்டிக்குள் நெருக்கமாகப் படுத்திருக்கிறவர் சொன்னார்: "உள்ளுக்கை இடம் கிடக்கு, கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ." கை கழன்று சூப்புக்குள் விழுந்ததும், "மிச்சம் இறங்கேக்கை தாறன்." நாங்கள் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. சத்தம் இல்லாமல் இவருக்கு எப்படி விளங்குகிறது என்று ஒருவன் கேட்டதற்கு, "நான் கொழும்பிலை பாத்த படமடா" என்றார். நான் நம்பினேன். நம்புவதில் அந்த நாட்களில் எனக்கு ஈடு இணை இல்லை.

பிறகு அந்த யன்னல் வந்தது. இறந்தவர் மழையில் நனைந்தபடி குசினி யன்னலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே மனைவி கோப்பை கழுவுகிறாள். மேசையில் ஒரு சின்னப் பிள்ளை. அவர் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு ஏதோ சொல்கிறார், அவளுக்குக் கேட்கவில்லை. அண்ணை டிவிக்குக் கிட்ட நகர்ந்தார். பிறகு சொன்னார்.

"இஞ்சேரும். பிள்ளை சாப்பிட்டவளோ? நீர் சாப்பிட்டனீரோ? கதவைப் பூட்டிப்போட்டுப் படும். நான் வாற வரைக்கும் ஆர் தட்டினாலும் திறக்காதையும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாலன் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பி இருட்டுக் குசினிக்குள் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது. ஊரில் என்னை அப்படிக் கேட்க யாரும் இருக்கவில்லை, நான் அப்படிக் கேட்கவும் யாரும் இருக்கவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேனா, அண்ணைக்காக அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கொப்பியை எத்தனையோ தடவை எடுத்தோம். கடைக்காரர் எங்களைப் பேய்ப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் போடுவோம், கதவைத் தட்ட யாரும் வராத நாட்களிலும். மற்ற வசனங்களை அண்ணை நினைத்தபடி மாற்றுவார். ஒருநாள் நாய்கூடப் பருத்தித்துறைக்கு டிக்கெட் கேட்டது. யன்னலில் மட்டும் ஒரு சொல் மாறாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனைவியும் வாணியும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அந்தப் பிள்ளை ஒரு பெரிய ஆளின் கோட்டுக்குள் நின்று எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. அண்ணை ஹவுன்ஸ்லோவுக்குப் போனார். பாலன் கனடாவுக்குப் போவதாகச் சொல்லிப் போனான், போய்ச் சேர்ந்தானா என்றுகூடத் தெரியாது. நான் டூட்டிங்குக்கு வந்தேன். அண்ணை வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது ஒருமுறை கைப் படத்தைப் பற்றிக் கேட்டேன். "அது அப்ப" என்று சிரித்துவிட்டு என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

சில வருடங்கள் கழித்து, ஒரு சின்னத் திரையரங்கின் வாசலில் அதே சூப் கோப்பை ஒட்டியிருந்தது. ஹலோவீன் சிறப்புக் காட்சி, பகலில். தனியாகத்தான் போனேன், வேறு எப்படிப் போவது? உள்ளே போனால் அந்தப் படத்துக்குப் பக்தர்களே இருக்கிறார்கள். முகத்தில் மா பூசிக்கொண்டு, ரப்பர் கைகளைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் படத்துக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். இறந்த மனிதரின் குரலை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். கீச்சுக் குரல். யன்னல் வந்தது, மழை வந்தது, அவர் கண்ணாடியில் முகத்தை அழுத்தினார். முழு அரங்கமும் எழும்பி நின்று அவரோடு சேர்ந்து கத்தியது: என்னுடைய தூண்டில்களை எங்கேயடி வைத்தாய்?

படத்தின் மிகப் பெரிய சிரிப்பு அதுதானாம். சிலர் நிஜத் தூண்டில்களையே கொண்டுவந்திருந்தார்கள். மா பூசிய முகத்தோடு பக்கத்தில் இருந்த ஒரு பெண் நான் சிரிக்காததைக் கண்டு, புரியவில்லை என்று நினைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். நன்றி சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. அண்ணைக்குத் தொலைபேசி எடுக்க நினைத்தேன், எடுத்து என்ன சொல்வது? அவருக்குத் தெரியாத எதை நான் சொல்லப்போகிறேன்? கடைசிவரை சொல்லவில்லை. அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

ஹலோவீன் முடிந்த மறுநாள் வாணி தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், தூண்டில் இடத்தில் மிகவும். "ஆனால் மாமா, நீங்கள் சொன்ன இடம் வரேல்லை. திருப்பியும் போட்டுப் பாத்தன்" என்றாள்.

ஆகவே சொன்னேன். முகமூடிப் பிள்ளைகளையும், அணைத்த லைட்டையும், குறைத்த சத்தத்தையும், அவளுடைய அப்பா குசுகுசுத்த குரலில் கேட்டதையும். அவர் விசாரித்த பிள்ளை நீதான் என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பழைய பயம் வந்தது.

"சில நாள் சாப்பிடேல்லை மாமா" என்றாள். "அப்பாவுக்குச் சொல்லக்கூடாதெண்டு அம்மா சொன்னவ."

குஜராத்திக்காரரின் கடை இருந்த மூலையில் இப்போது நகம் அழகுபடுத்துகிறார்கள். டெக்கும் இல்லை, கொப்பியும் இல்லை, தெருமுனைத் தொலைபேசிப் பெட்டிக்குள் யாரோ பூச்செடி வைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கடந்து பதில் வந்து சேர்ந்திருக்கிறது, வாங்குவதற்கு அண்ணை இல்லை.

தொலைபேசியை வைக்கப் போகிறபோது அவள் கேட்டாள், எல்லாரும் கேட்கிறதைப்போலச் சாதாரணமாகத்தான். "நீங்கள் சாப்பிட்டியளோ மாமா?"

"ஓம் பிள்ளை, சாப்பிட்டிட்டன்" என்றேன். பூசணிக்காய் வெட்டாமல் குசினி மேசையில் அப்படியே இருந்தது.