நிழலில் நிற்கும் பஸ்

பஸ்ஸில் ஏறினால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? வெளியே வயலை, பக்கத்து ஆளின் மூட்டையை, கொஞ்ச நேரம் தூக்கத்தை... நான் போன செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் ஏறி, பாதி வழியிலிருந்து திண்டிவனத்தில் இறங்கும்வரை டிரைவரின் முகத்தை மட்டுமே பார்த்தேன். பயம்!

டிரைவர் வேறு யாருமில்லை. என் தங்கை அஞ்சலையின் புருஷன் ஏழுமலை. பர்மா சண்டையில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார். வந்த நாள் முதல் வேலையில்லை. பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக் கரியில் ஓடும் கரி பஸ் முதலாளி ஒருவர், 'டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா, ஒரு டிரிப் ஓட்டிக் காட்டு, வேலை உனக்குத்தான்' என்று சொல்லியிருந்தார்.

டாக்டரிடம் நாங்கள் மூன்று பேரும் போனோம். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார் - படித்தார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார் - கால் துள்ளியது. உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார்.

"தூக்கம் வருதா?"

"வருதுங்க."

"சாப்பாடு?"

"எறங்குதுங்க."

டாக்டர் தங்கையைப் பார்த்தார். "வீட்டுல ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். பாஸ்!

வீட்டில் தொந்தரவு எப்படி இருக்கும்? அஞ்சலை வெண்கலப் பாத்திரத்தையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு மண்சட்டிக்கு மாறியிருந்தாள். அவர் வெளியே போன நேரம் பார்த்துத்தான் கேப்பை இடிப்பாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் வேட்டுப் போட வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டு வந்தாள். பெண்களுக்கே உரிய வீண் கவலை என்றுதான் நான் நினைத்தேன். ஏழுமலை கடைக்குப் போனால் நடுத்தெருவில் நடக்கமாட்டார். கூரை ஓரமாகவே ஒட்டி ஒட்டிப் போவார். வெயில் ஆகாது போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. துணைக்கு நான் முன் ஸீட்டில். முண்டியம்பாக்கம் தாண்டியும் இரண்டு பக்கமும் புளியமரம், குளுகுளு நிழல். பஸ் குலுங்காமல் போனது. ஆள் கை காட்டினால் அங்கே நிற்காமல் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் போய் நின்றது.

மல்லாட்டைக் கடலைக் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள், "நெழலு பாத்து நிறுத்தறாரு, தங்கமான டிரைவரு!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாப்பிள்ளையாயிற்றே!

அப்போதுதான் கவனித்தேன். ஏழுமலையின் கண் ரோட்டில் இல்லை. அடிக்கடி மேலே போய் மேலே போய் வந்தது.

விக்கிரவாண்டி தாண்டி ஓர் ஏரிக்கரை. அதன்மேல்தான் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். மரம் என்பதே கிடையாது. பஸ் கடைசிப் புளியமரத்தடியில் நின்றது. கண்டக்டர் ரைட் கொடுத்தார். நகரவில்லை. இன்னொரு ரைட். ஊஹூம்.

"என்னா மாப்ளே?"

"மச்சான்... மேல ஏதாவது சுத்துதான்னு பாருங்க."

எட்டிப் பார்த்தேன். "பருந்து."

"நல்லா பாத்தீங்களா? பருந்துதானா? ஏரோப்ளேன் இல்லையே?" அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. "ஜனங்கள எறக்குங்க. தள்ளித் தள்ளி நடக்கச் சொல்லுங்க. ஒண்ணா போனா... ஒரே குண்டுல எல்லாரும் போயிடுவாங்க."

பர்மா எங்கே, விக்கிரவாண்டி எங்கே! ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இரண்டும் ஒரே ரோட்டில்தான் இருந்தன.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஜல்தி எறங்கும்மா, கரை மேடு, வண்டி இழுக்காது" என்று அவராகவே ஒரு காரணம் சொன்னார். கரி பஸ்ஸில் மேடு வந்தால் இறங்கி நடப்பது நமக்குப் பழக்கம்தானே? முணுமுணுப்பு இல்லாமல் இறங்கினார்கள். நானும் இறங்கியிருக்கலாம். தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வேன்? அந்தக் கிழட்டு பஸ்ஸுக்குள் அவ்வளவு வேகம் இருந்தது அதன் முதலாளிக்கே தெரியாது. சக்கரம் கரையின் விளிம்பை உரசியது. தண்ணீர் என் ஜன்னலுக்கு நேர் கீழே. அவர் வாய் ஏதோ முனகிக்கொண்டே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அக்கரை மரத்தடியில் பஸ் நின்றபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு? ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

நடந்து வந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு, மிச்ச வழியெல்லாம் மரநிழலிலேயே வந்து சேர்ந்தோம். திண்டிவனம் ஷெட்டில் முதலாளி காத்திருந்தார். இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே புகழ்ச்சி. "பாரம் தாங்காதுன்னு எறக்கி உட்டு, வண்டியக் காப்பாத்திக்கினு வந்தாரு!"

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நாளைக்கே வந்துடுப்பா!"

டாக்டர் பாஸ் போட்டார், ஜனங்கள் பாஸ் போட்டார்கள், முதலாளியும் போட்டுவிட்டார். நடந்ததை நான் சொன்னால் தங்கை வீட்டு அடுப்பு அணையும். சொல்லாவிட்டால்...?

ஏழுமலையே வாயைத் திறந்தார். "ஜனங்கள என்னை நம்பிக் குடுக்காதீங்கய்யா. ஷெட்டுக்குள்ள ரிப்பேர் வேலை இருந்தா குடுங்க."

"என்னாய்யா பேஜாரு! ஊரே புகழுது, நீ வேணாங்கிறே?"

"வானத்தப் பாத்துக்கினு ரோட்டப் பாக்க முடியலைங்க."

கண் சரியா, காது சரியா, முட்டி சரியா என்று பார்க்க ஆயிரம் சாமான் இருக்கிறது. ஒரு மனுஷனால் தைரியமாக நடுத்தெருவில் நடக்க முடிகிறதா என்று எவன் அளக்கிறான்? கடைசியில் அளந்து சொன்னவர் அவரேதான். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, ஷெட் வேலையையே கொடுத்தார்.

ஓடிப் போய்த் தங்கையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகத்தில் ஈயாடவில்லை.

"ஷெட்டுக்குக் கூரை ஓலையாண்ணா, தகரமா? தகரத்துல மழ உழுந்தா அவருக்கு அது என்னா மாதிரி கேக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தகரம்தான். ஐப்பசி வேறு பிறக்கப் போகிறது.