கருமருந்து குழுவின் முதல் ஆல்பமும் சூடு ஆறிய பறையும்

1. அலறல்

சிவகாசியில் ஒரு அலறல் கேட்டால் என்ன ஏது என்று யோசித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. ஓடிவருவார்கள். அன்றும் ஓடிவந்தார்கள். எங்கள் ஸ்டூடியோ முதல் மாடியில் இருந்தது. கீழே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ். மிஷினை நிறுத்திவிட்டு ஆறேழு பேர் படியேறி வந்து கதவைத் தள்ளினார்கள். உள்ளே கறுப்புச் சட்டை போட்ட ஒரு பையன் மைக் முன்னால் நின்று வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கனம்மா தீ?" என்றார் முதலில் வந்தவர்.

"தீ இல்லண்ணாச்சி. பாட்டு" என்றேன் நான்.

"பாட்டா?"

"வாய்ஸ் டெஸ்ட் எடுக்கோம்."

அவர் பையனை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, வயித்துவலின்னா சோடா வாங்கிக் குடி. இப்படியா ஊரைக் கூட்டுறது?"

பையன் பெயர் ராஜேஷ். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். கிட்டார் வாசித்து அலறுவது அவன் வேலை. டிரம்ஸ் வாசிப்பவன் வினோத். பேஸ் கிட்டாருக்கு இன்னொருவன். அவன் பத்து நாளில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். குழுவின் பெயர் கருமருந்து. வெடிமருந்துக்கு எங்கள் பக்கத்துப் பழைய பெயர் அது. முதல் ஆல்பம் போட வந்திருந்தார்கள்.

"என்ன மாதிரிப் பாட்டு தம்பி?" என்று கேட்டார் முதலாளி காதர் பாய்.

"பிளாக் மெட்டலும் ஃபோக் மெட்டலும் கலந்து பாய்."

பாய் என்னைப் பார்த்தார். நான் ராஜேஷைப் பார்த்தேன். அவன் பொறுமையாகச் சொன்னான். பிளாக் மெட்டல் என்றால் கிட்டார் தந்தியை மின்னல் வேகத்தில் உரசிக்கொண்டே போவது, டிரம்ஸ் மூச்சு விடாமல் அடிப்பது, பாடுவதற்குப் பதில் அலறுவது. ஃபோக் மெட்டல் என்றால் அதோடு ஊர் வாத்தியத்தைச் சேர்ப்பது. "வெளிநாட்டுல இதைப் பனி, இருட்டுன்னு பாடுறாங்க. நமக்கு ஏது பனி? நம்மூர்ல பயம்னா உச்சிவெயில்தானே? முனி நடமாடுற நேரம். ஆல்பம் பேரு உச்சிவேளை."

எனக்கு அது பிடித்துவிட்டது. உச்சிப்பொழுதில் தனியாகக் கரிசல் காட்டைக் கடக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

2. பத்து நாள்

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா, அம்மா இருவருக்கும் பட்டாசு ஆலையில் வேலை. அவர்களுக்கு முந்தியவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்வேன்.

படித்துவிட்டு காதர் பாயிடம் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாண வீடு, கோயில் விழாக்களுக்கு மைக்செட் கொடுக்கும் குடும்பம் அவருடையது. ஸ்டூடியோ பிறகு வந்தது. இருக்கன்குடி மாரியம்மன் பாட்டு சிடிதான் எங்கள் பெரிய சீசன். நான் சிடி காப்பி போடுவேன், வயர் சுற்றுவேன், பட்டாசுக் கடைக்கு ஆட்டோ விளம்பரம் பேசுவேன். தீபாவளிக்கு முந்தி சிவகாசித் தெருக்களில் அலைந்தவர்கள் என் குரலை அரை நாளில் நாற்பது தடவை கேட்டிருப்பார்கள். ஆனால் மைக் வைப்பதில் தொடங்கி மிக்ஸிங் வரை ஒரு முழு ஆல்பம் என் கைக்கு வந்ததில்லை. பெரிய ரெக்கார்டிங் என்றால் பாய் மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைப்பார்.

"பாய், இதை நான் பண்ணுறேன்" என்றேன்.

பாய் தாடியைத் தடவினார். "ஏம்மா ஈஸ்வரி, இது விளம்பரம் இல்லம்மா."

"தெரியும் பாய். மதுரைக்காரருக்கு மட்டும் இந்தப் பாட்டு தெரியுமா?"

"சரி. பத்து நாள். மூணு பாட்டு முடிச்சு எனக்கும் பையன்களுக்கும் போட்டுக் காட்டு. தேறுச்சுன்னா மிச்ச ஆறும் ஒனக்கு, அடுத்து வர்ற ஆல்பமும் ஒனக்கு. தேறலைன்னா மதுரைக்குப் போகும். நீ பழையபடி சிடி காப்பி. அப்புறம் மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டேன் பாய்" என்றேன். பொய்தான்.

3. தீ எங்கன போடலாம்?

முதல் நாலு நாள் டிரம்ஸும் கிட்டாரும். பாலிடெக்னிக் புத்தகத்தில் படித்தபடி, வினோத்தின் காதில் கிளிக் ஓடவிட்டு டிரம்ஸ் எடுத்தேன். கிளிக் என்பது கடிகாரம் மாதிரி ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும் சத்தம். அதைப் பிடித்து வாசித்தால் பிறகு ஒட்டுவது, வெட்டுவது எல்லாம் சுலபம். அதன்மேல் கிட்டார்கள். சுத்தமாக வந்தன.

ஐந்தாம் நாள் பறை வாசிக்கக் கருப்பசாமி அண்ணன் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தீப்பெட்டி ஆபீசில் வேலை, மல்லாங்கிணறு பக்கம் வீடு. திருவிழா என்றால் பறை. உள்ளே வந்தவர் எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய சுவரைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார்.

"தீ எங்கன போடலாம் தாயி?"

பறைத் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றினால்தான் விறைக்கும், விறைத்தால்தான் பேசும். எனக்கு அது தெரியும். ஆனால் கீழே பிரஸ் முழுக்கக் காகிதம். பக்கத்துக் கட்டடம் பட்டாசுக் கடை, பின்னால் அதன் சரக்கு அறை. பாய்க்கு முகமே வெளுத்துவிட்டது.

"அண்ணே, இந்தத் தெருவுல பீடி பத்தவைக்கணும்னாலே மூணு தெரு தள்ளிப் போகணும். நீங்க சொக்கப்பனை கொளுத்தணும்னு சொல்லுதீக!"

"அப்ப இது பேசாது பாய்."

நான் பட்டாசு ஆலைக்காரர்களின் மகள். தீக்குச்சியைப் பார்த்தாலே தள்ளி நிற்கிற பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் தீ இல்லாமல் சூடு கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு இருநூறு வாட் பல்பை எரியவிட்டு, பறையை அதன் வாயில் கவிழ்த்தேன். வேலை செய்தது. அண்ணனே, "பரவாயில்லையே, குஞ்சு பொரிக்கிற பொட்டி!" என்று பாராட்டினார்.

நான் யோசிக்காமல் விட்டது ஏசியை. கம்ப்யூட்டருக்காக அதை நிறுத்த முடியாது. பெட்டியிலிருந்து எடுத்து மைக் முன்னால் வந்து ஒரு நிமிஷம் வாசிப்பதற்குள் சூடு ஆறி, தோல் தொங்கிவிடும். முதல் அடி கணீரென்று விழும். அறுபதாவது அடி தலையணையில் அடித்த மாதிரி. சரி, அரை அரை நிமிஷமாக எடுப்போம் என்றேன். வாசிப்பு, பெட்டி, வாசிப்பு, பெட்டி. இரண்டு நாள் இப்படியே. துண்டுகளை எல்லாம் கிளிக்கோடு ஒட்டினேன். திரையில் பார்க்க அத்தனை அழகு, கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி.

ஏழாம் நாள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்ததும் ராஜேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கிட்டார் ஒரு கம்பெனி, பறை ஒரு கம்பெனி மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே கட்டடம், அவ்வளவுதான்."

பறையைக் கூட்டினால் கிட்டார் செத்தது. கிட்டாரைக் கூட்டினால் பறை செத்தது. சாயங்காலம் வரை பட்டன்களைத் திருகிப் பார்த்தேன். கருப்பசாமி அண்ணன் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வாசிச்சது யாருன்னு எனக்கே தெரியல தாயி."

அவரை வாசலில் நிறுத்தினேன். "நாளைக்கு எங்கண்ணே வாசிக்கீக?"

"நாளைக்கு எங்கூர்ல முனி பொங்கல். உச்சிப் பூசைக்கு அடிக்கணும்."

"நானும் வாரேன்."

4. மல்லாங்கிணறுக் கரிசலில்

எட்டாம் நாள் காலை பஸ் பிடித்துப் போனேன். கோயில் என்றால் கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு வேம்பு, அடியில் ஒரு கல். அண்ணன் சோளத்தட்டையை மூட்டிப் பறையைக் காட்டினார். விரலால் சுண்டினார், செம்புப் பானையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். தொடங்கும்போது நடக்கிற வேகம்தான். சாமியாடி அசையத் தொடங்கியதும் அடி கொஞ்சம் இறுகியது. அவர் ஒரு சுற்றுச் சுற்றியதும் இன்னும் கொஞ்சம். எங்கே வேகம் கூடியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் நடை ஓட்டமாகியிருந்தது. மேலே வெயில், கீழே தீ. தோல் கடைசி வரை தளரவே இல்லை.

பத்து நிமிஷம் ஏறின ஏற்றத்தை நான் அரை நிமிஷத் துண்டுகளாக நறுக்கி, கடிகாரத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். என் தவறு பல்புப் பெட்டியோடு நிற்கவில்லை. வரிசையே தலைகீழ். கிட்டாரை முதலில் எடுத்து, பறையை அதன் பின்னால் ஓடவிட்டிருக்கிறேன். பறை முன்னால் போகிற வாத்தியம். அதன் பின்னால் சாமியே வரும்போது டிரம்ஸ் வரக் கூடாதா?

திரும்பி வந்து அதைச் சொன்னதும் வினோத் எழுந்தே விட்டான்.

"நாலு நாள் வாசிச்சதை அழிக்கணுமா? என் கையைப் பாருங்கக்கா!" கை நிஜமாகவே கொப்பளித்திருந்தது.

"நான் ஒட்டினதையும் சேர்த்துத்தான்டா அழிக்கிறேன்."

"வேகம் மாறிக்கிட்டே இருந்தா எப்படிப் பிடிக்கிறது? பிளாக் மெட்டல்ல அப்படிக் கிடையாதுக்கா."

"அப்ப பிளாக் மெட்டலை மட்டும் போடு. கலக்கணும்னு சொன்னது நீங்கதானே?"

பாய் நடுவில் வந்தார். "ஏம்மா, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இருக்கிறதையும் அழிச்சுட்டு, புதுசும் வரலைன்னா?"

"மதுரைக்கு அனுப்பிருங்க பாய்."

சொல்லிவிட்டேன். உடனே உட்கார்ந்து நாலு நாள் டிரம்ஸையும் கிட்டாரையும் இரண்டு நாள் பறையையும் தேர்ந்தெடுத்து, அழித்தேன். காப்பி எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் பயத்தில் அதற்கே திரும்பிப் போயிருப்பேன்.

ஒன்பதாம் நாள் மைக்செட் வேனோடு அதே கரிசல் காட்டுக்குப் போனோம். ஜெனரேட்டர் சத்தம் மைக்கில் விழாமலிருக்க, இருக்கிற வயரெல்லாம் இணைத்து அதைத் தூரத்தில் வைத்தோம். கம்ப்யூட்டரை வேனுக்குள் வைத்து மேசை விசிறியை அதன்மேல் திருப்பினோம். எங்களுக்கு விசிறி கிடையாது. பறைக்கு முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக், தரையிலிருந்து எதிரொலிக்கும் சத்தத்துக்காகத் தள்ளி இன்னொன்று. கிளிக் இல்லை. ராஜேஷ் எதிரில் நின்று பாட்டை அலறிக் காட்டினான். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தே வாசித்தார். முதல் முறை ஒரு ஆட்டுமந்தை குறுக்கே போனது. இரண்டாம் முறை அலறல் கேட்டு யாருக்கோ சாமி வந்துவிட்டது என்று பக்கத்துக் காட்டிலிருந்து இரண்டு பெண்கள் விபூதித் தட்டோடு வந்துவிட்டார்கள். மூன்றாம் முறை சரியான உச்சிவேளை. ஏழு நிமிஷம், நிறுத்தாமல், ஒரே ஏற்றம்.

5. ஒரே ஒரு பாட்டு

பத்தாம் நாள் ஸ்டூடியோவில் வினோத் அந்தப் பறையைக் காதில் வைத்து டிரம்ஸ் வாசித்தான். ஐந்து தடவை தவறவிட்டான். திட்டினான், தண்ணீர் குடித்தான். ஆறாவது தடவை பறையின் இரண்டு குச்சிகளில் நீளமானது போடுகிற சன்ன அடியைத் தன் சிம்பல் தட்டுக்கு எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். வேகம் ஏற ஏற அவன் கை தானாக ஏறியது. ஓட்டமாகிற இடத்தில் பிளாக் மெட்டலின் இடைவிடாத அடி ஒட்டுத் தெரியாமல் வந்து விழுந்தது. அதன்மேல் கிட்டார், பேஸ், அலறல் மூன்றையும் எடுத்தோம். கிட்டார்களை இடமும் வலமும் தள்ளிப் பறைக்கு நடுவை விட்டேன். பறையின் கணீர் விழுகிற அலைவரிசையில் மட்டும் கிட்டாரைக் கொஞ்சம் குறைத்தேன். ராஜேஷ் உதட்டைப் பிதுக்கினான். கேட்டதும் பிதுக்கலை எடுத்துவிட்டான்.

மூன்று பாட்டு கேட்டவருக்கு ஒன்றுதான் போட்டுக்காட்ட முடிந்தது. பாய் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, மதுரை இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"தம்பி, சௌக்கியமா? இல்ல, இல்ல, நீங்க வர வேணாம். ஒரு பாட்டு அனுப்புறேன், கேளுங்க. எங்க ஸ்டூடியோ இன்ஜினியர் பண்ணுனது. ஆமா, பொம்பளப்புள்ள. நம்ம ஈஸ்வரி."

மிச்சப் பாட்டுகளையும் வேனில் போய்க் கரிசலில்தான் எடுத்தோம். உச்சிவேளை சிடி உறைக்குள் 'ஒலிப்பதிவு: மா. மாரீஸ்வரி' என்று என் முழுப்பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு முழு ஆல்பத்தையும் போட்டுக்காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இதுல பாட்டு எப்ப வரும்?" என்றாள்.

இப்போது என்னிடம் வேலை கற்க வருகிற பிள்ளைகள் முதல் நாளே மைக் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தெரியாத வாத்தியம் ஒன்று வந்தால் மைக்கைத் தொடுவதற்கு முன் வாசிக்கிறவரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இதை வழக்கமாக எங்கே வாசிப்பீர்கள்? இது முன்னால் போகுமா, பின்னால் வருமா? பதில் கிடைத்ததும் பஸ் பிடித்துப் போய் அங்கேயே ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நாளில் நான் முதல் நாளே போயிருந்தால், வினோத்தின் கை கொப்பளித்திருக்காது.