தேதியை மாற்ற வழியில்லை

அறுவடைத் தேதியை மாற்றும் பொத்தானைச் செயலியிலிருந்து எடுத்தது நீங்கள்தான். சென்னையில் இருந்து எங்கள் திராட்சைச் செயலியை நடத்தும் மேலாளர் நீங்கள். உத்தமபாளையத்தைச் சுற்றித் தோட்டம் தோட்டமாக அலைந்து அதில் விவசாயிகளைச் சேர்த்தவன் நான். மழை பெய்தால் பழத்தில் இனிப்பு இறங்கிவிடும், சில நாள் விட்டுத்தான் வெட்டுவார்கள் என்று மூன்று முறை சொன்னேன். தேதியை மாற்ற அனுமதித்தால் லாரி அனுப்பும் வியாபாரி நம்பமாட்டான், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றீர்கள்.

போன வாரம் அனுமந்தன்பட்டியில் மழை. மறுநாள், பதிந்த தேதியில், லாரி வந்து நின்றது. தோட்டக்கார அக்கா ஒரு பழத்தை வாயில் போட்டுத் துப்பினார்.

"பச்சத்தண்ணியா இருக்கு தம்பி. தேதிய மாத்தக்கூடாதுன்னு சொன்னாகள்ல, அவுகள இங்கன வந்து ஒரு கொத்து தின்னு பாக்கச் சொல்லு. நீ சொன்னயேன்னுதான சேந்தேன்?"

வெட்டாவிட்டால் செயலியிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடுவீர்கள். அதனால் வெட்டினார். சந்தையில் இனிப்பில்லை என்று அவ்வளவு பழத்தையும் ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த நஷ்டம் பற்றிய அறிக்கையில் நீங்கள் 'விவசாயியின் தவறு' என்று எழுதினீர்கள். விவசாயிகள் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், உங்கள் பெயரைப் போட்டு, அது யார் தவறு என்று எழுதுங்கள்.