ஐஸ் வண்டியில் ஏறியவர்

எழுபதுகளில் ஆரியசாலையிலிருந்து விழிஞ்ஞம் மீன்துறைக்கு ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கோவளம் ரோட்டில் தினமும் ஒரு பின்லாந்துக்காரர் வெயிலில் நடந்து போவார். ஐம்பது வயதிருக்கும், புருவம்கூட வெளுப்பு. வண்டியை நிறுத்தினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். பிறகு கும்பிட்டு மறுத்துவிடுவார்.

ஒருநாள் கால் வீங்கி, ரத்தம் கசிய, மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க சாயிப்பே, ஆஸ்பத்திரியில கொண்டு விடுறேன். கால் அழுகிப் போகும், கேட்டீங்களா?"

அவர் பாதி மலையாளமும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னார்:

"எங்க பாஷையில இதுக்கு க்யூடிடுஸ்னு பேரு. வண்டியில ஏத்திக் கொண்டு போறது, அவ்வளவுதான். நான் சின்னவனா இருந்தப்ப செங்கொடிக்காரங்களை அவங்களுக்கு ஆகாதவங்க கார்ல தூக்கிப்போட்டு ரஷ்ய எல்லையில தள்ளினாங்க. அதுக்கும் அந்தப் பேருதான். என் அப்பாவையும் ஏத்தினாங்க."

"திரும்பி வந்தாரா?"

"இல்ல. இப்ப பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போறதுக்கும் அதே சொல்தான்."

நான் இன்ஜினை நிறுத்திவிட்டேன். பின்னால் ஏறிக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். மரத்தூள் கொட்டிய ஐஸ் சாக்கின் மேல், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆளில்லை. மரத்தூளில் ரத்தம் மட்டும் இருந்தது. எந்த வளைவில் குதித்தாரோ, அந்தக் காலோடு எங்கே போனாரோ, தெரியவில்லை. பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

இன்றும் வழியில் நிற்பவரிடம் "ஏறுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் போகும் ஊரைச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன்.