இடக்கை மேளகாரர் இருவர்

அது உதிர்ந்த வண்ணம் அல்ல, கூடு என்று எனக்கு உறைத்தது மெல்பேர்னுக்கு வெளியே, த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயில் கார் தரிப்பிடத்தில். திருவிழா ஞாயிறு. தவில் வாசிக்க வந்தவர், நாங்கள் எல்லாரும் அண்ணா என்று கூப்பிடுகிறவர், காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலக்கை விரல்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த, வெள்ளையாய் விரல் நுனியை மூடுகிற சின்னக் கூடுகள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பார்த்து என்ன பயன்? மூன்று நாளைக்கு முன்னர்தான் ஓர் ஏல நிறுவனத்தின் நிலவறையில், உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக, ஒரு பழைய ஓவியத்தின் சேத அறிக்கையில் இப்படி எழுதியிருந்தேன்: "மேளம் வாசிப்பவரின் விரல் நுனிகளில் வண்ணம் உதிர்ந்து அடித்துணி தெரிகிறது."

அதுதான் என் வேலை. மெல்பேர்ன் நகருக்குள் இருந்த அந்த நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தம்; விற்பனைக்கு வருகிற ஓவியங்களின் கீறல், வெடிப்பு, கறை எல்லாவற்றையும் குறித்துவைக்க வேண்டும். கலை வரலாறு படித்தவளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று நான் நம்பினேன். எங்கள் வீடு இருக்கிற நோபல் பார்க் பகுதியில் என் அம்மா யாரும் கேட்டால், "படம் விக்கிற கடையில நிக்கிறா" என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

அந்த ஓவியத்தைத் தீட்டியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர். பாரிசில் குடியிருந்துகொண்டு கிழக்கை வரைந்தவர்களில் ஒருவர். ஒட்டகம், மசூதி வாசல், யானை, படித்துறை, வெயில். விக்டோரியா மாநிலத்தின் மேற்கே ஒரு பெரிய பண்ணை வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொங்கிய படம் இது. முன்பொருமுறை லண்டனில் விற்றபோது கொடுத்த தலைப்பு 'காசியில் ஒரு விழா'. எங்கள் நிறுவனமும் அதையே எழுதியிருந்தது. இரண்டு மேளகாரர், இரண்டு குழல்காரர், பின்னால் தூசிக்குள் ஒரு கோபுரம்.

போனில் இருந்த படத்தை அண்ணாவுக்குக் காட்டினேன். அவர் வாரநாட்களில் டாண்டினோங்கில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். சனி ஞாயிறு கோயிலும் கல்யாணங்களும். வெயிலுக்குத் திரையை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஓம், எங்கட ஆக்கள்தான். நாதஸ்வரம், தவில். காசியில இவைக்கு என்ன வேலை?"

திங்கட்கிழமை காலை, எங்கள் ஓவியப் பிரிவின் தலைவியிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இது காசி அல்ல, தென்னாட்டுக் கோபுரம்; அது தபேலா அல்ல, தவில்; வெள்ளைப் புள்ளிகள் சேதம் அல்ல. ஐம்பது வயதான, குரல் உயர்த்தாத பெண் அவர். கடைசிவரை கேட்டார். சேத அறிக்கையை உடனே திருத்தச் சொன்னார், விற்பனைப் பட்டியலில் போட இரண்டு பந்தி எழுதித் தரச் சொன்னார். பிறகு கேட்டார்: மெல்பேர்னில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களா? அவர்களில் ஓவியம் வாங்கக்கூடியவர்கள்?

இந்தக் கேள்வியை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். கோயில் வாட்ஸப் குழுவில் அன்றைக்கே போட்டேன். நான் கண்டுபிடித்தது, நான், நான் என்று.

பார்வைக்கு வைத்த முதல் நாளே பொயிண்ட் குக் புறநகரிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். கும்பகோணத்துக்காரர், இங்கே மென்பொருள் கம்பனி நடத்துகிறவர். ஓவியத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பட்டியலை வாங்கி, தலைவி கடைசியில் சேர்த்திருந்த ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டினார்: கோயில் வாசலில் நின்று, இசைஞர்களை நேரில் பார்த்துத் தீட்டியது.

"அங்கேயிருந்து கப்பல் ஏறி வந்து, வெயில்ல நின்னு நம்ம ஆளுங்களைப் பாத்திருக்கான். பாரும்மா, எப்படிப் பாத்திருக்கான்." அவருக்கு வேண்டியது அதுதான். படம் அழகா, நாள் போக விலை ஏறுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஒருவன் வந்து நின்று பார்த்தான் என்பது போதும்.

எனக்கு அப்போது உறுத்தியது வேறு. இரண்டு பந்தியும் என்னுடையவை. கீழே என் பெயர் இல்லை. நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. பட்டியல் ஒன்றைப் பைக்குள் வைத்து, ஏலத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது கோயிலுக்குக் கொண்டுபோனேன். அண்ணாவாவது பாராட்டட்டும் என்றுதான்.

பெரிய தாளில், முழுப் பக்கத்தில் படத்தைப் பார்த்ததும் அண்ணா சிரித்துவிட்டார். கூடு இடக்கையில் இருக்கிறது, தடி வலக்கையில் இருக்கிறது என்றார். இடக்கைக்காரராக இருந்திருக்கலாமே என்று நான் விடாமல் கேட்டேன்.

"சரி, முன்னுக்கு நிக்கிறவர் இடக்கையர் எண்டு வைப்பம். பின்னுக்கு நிக்கிறவரும் இடக்கையரோ? வேட்டிக் கட்டும் பக்கம் மாறித்தான் கிடக்கு. பிள்ளை, இது கண்ணாடியில பாத்துக் கீறின படம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தவள், அடுத்த நாள் மத்தியானம் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பில், சென்னையில் இருந்த ஏதோவொரு புகைப்பட நிலையம் பயணிகளுக்கு விற்ற, புகைப்படம் பதித்த கண்ணாடித் தகடு. அதே நால்வர். அதே கோபுரம். முன்னால் நிற்பவரின் அதே சலித்த முகம். எல்லாம் வலம் இடமாக. அமெரிக்கர் பாரிசில் தன் அறைக்குள் தகட்டைத் திருப்பி வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறார். கோயில் வாசலும் இல்லை, வெயிலும் இல்லை. அவர் பார்த்தது ஒரு கண்ணாடித் துண்டை. அதையும் பின்பக்கமாக.

தகட்டின் படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துத் தலைவியின் மேசையில் வைத்தேன். இப்போதுகூடச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சிதான். இதற்காவது பெயர் போடுவார்கள் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். அருமையான வேலை என்றார். பட்டியல் அச்சாகிப் போய்விட்டது என்றார். அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாரும் புகைப்படம் பார்த்தவர்கள்தான், அது மோசடி ஆகாது. கேட்டவர்களுக்குச் சொல்லலாம், கேட்காதவர்களுக்குப் போய்ச் சொல்லத் தேவையில்லை. "நேரில் பார்த்து" என்று அச்சில் இருக்கிறதே என்றேன். இவருடைய ஓவியங்களுக்கு எப்போதும் எழுதுகிற வரி அது என்றார். எழும்பிக்கொண்டே, என் ஒப்பந்தத்தை நீட்டுவது பற்றி மேலிடத்தில் பேசியிருப்பதாகச் சொன்னார். அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் அவர் நிறுத்தவே இல்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏலத்துக்கு வர முடியாதவர்களுக்காக நிறுவனத்து ஆள் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். விலை ஏற ஏற அவர் போனில் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் ஓம் என்றால் இவர் கையை உயர்த்துவார். ஆலோசனை சொல்லக்கூடாது. அங்கிளுக்கு அன்றைக்கு பிரிஸ்பேனில் வேலை. தமிழ் தெரிந்தவள் என்று என்னை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

சபையில் இருந்து விலை கேட்ட இரண்டு பேர் சீக்கிரமே விலகிவிட்டார்கள். மிஞ்சியது அங்கிளும், சிட்னியிலிருந்து இன்னொரு போனும். சிட்னிக்காரர் ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்து ஏறினார். ஏலம் விடுபவர் என் பக்கம் திரும்பினார். போனில் அங்கிளின் மூச்சு கேட்டது.

"நீ சொல்லும்மா. இன்னும் போகலாமா?"

எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் ஒருவருக்கும் விளங்கியிராது. விடுங்கோ அங்கிள், வேண்டாம், பிறகு சொல்றன். ஐந்து சொல்.

"அது உங்கட விருப்பம் அங்கிள்."

"சரி, போ" என்றார். கையை உயர்த்தினேன். சுத்தியல் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் என் தோளில் தட்டினார்.

ஒரு மாதம் கழித்து அங்கிள் வீட்டில் சின்ன விழா. ஓவியத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டி, நாதஸ்வரமும் தவிலும் வைத்து, எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். அண்ணாவைத்தான் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். எனக்கு முன்வரிசையில் இடம். வாசித்து முடிந்ததும் அங்கிளுக்கு ஓர் ஆசை: அண்ணா தவிலோடு ஓவியத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி நிற்க வேண்டும், படம் எடுக்க.

அண்ணா நின்றார். போனைப் பிடித்திருந்த ஒருவர், "கையை மாத்திப் பிடிங்க சார், படத்துல இருக்கிற மாதிரி" என்றார். ஆளாளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். வலக்கை, இல்லை இடக்கை, இல்லை மற்றது. சிரிப்பு.

"நான் சரியாத்தான் நிக்கிறன்" என்றார் அண்ணா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் எப்போதோ அங்கிளிடம் சொல்லியிருப்பேன் என்று அவர் நம்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கீழே குனிந்து தவிலின் வாரைக் கழற்றத் தொடங்கினார்.

அங்கிள் முட்டாள் இல்லை. ஓவியத்தைப் பார்த்தார், அண்ணாவின் கையைப் பார்த்தார், திரும்பவும் ஓவியத்தை. என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டார். சொன்னேன். தகடு, பாரிஸ், திருப்பி வைத்தது, எல்லாம். எப்போது தெரியும் என்று கேட்டார். ஏலத்துக்கு முதலே என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நீ எங்கிட்ட தமிழ்லதானேம்மா பேசினே?"

அவ்வளவுதான். வெளியே போய் விருந்தினரைச் சாப்பிடச் சொன்னார்.

ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டவில்லை. மேலிடத்தில் பேசியது உண்மைதானா என்பதும் எனக்குத் தெரியாது. போகும்போது தலைவி நற்சான்றுக் கடிதம் ஒன்று தந்தார்; அதில் 'நம்பகமானவர்' என்று ஒரு சொல் இருந்தது. படத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அங்கிளுக்காக விதிகளை வாசித்துப் பார்த்தேன். போலி என்றால்தான் முடியுமாம். இது போலி அல்ல. அந்த அமெரிக்கர்தான் தன் கையால் தீட்டியிருக்கிறார். பொய் சொன்னது ஒரு வரி. அது மற்றவர்களின் வரி. அந்த வரிக்கு மேலே இருந்த இரண்டு பந்தி என்னுடையவை. என் பந்திகள் இல்லாவிட்டால் அங்கிள் வந்திருக்கவே மாட்டார். இதை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் இப்படியே இருக்கிறது.

அங்கிள் என் போனை எடுப்பதில்லை. அண்ணா எடுக்கிறார், ஆனால் முந்தின மாதிரிப் பகிடி விட்டுச் சிரிப்பதில்லை.

வருகிற மாதம் சிட்னியில் இன்னொரு நிறுவனம் அதே ஓவியரின் மூன்று படங்களை விற்கிறது. பட்டியலை இணையத்தில் வாசித்துவிட்டேன். மூன்றின் கீழும் அதே வரி: நேரில் பார்த்துத் தீட்டியது. ஒன்றில் பாய்மரப் படகு, ஒன்றில் துணி வெளுக்கிறவர்கள், ஒன்றில் கோயில் தேர். தேருக்கான கண்ணாடித் தகடு கிடைத்துவிட்டது. மற்ற இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன். பார்வைக்கு வைக்கிற முதல் நாளே அங்கே போய் நிற்பேன். அந்த வரிக்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேட்பேன், பதிலையும் எழுத்தில் கேட்பேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஏலத்துக்கு முதல் நாள் காலை, தகடுகளையும் ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கோயில் குழுவில் போடுவேன். இந்த முறை கீழே என் பெயரைப் போடத்தான் வேண்டும்; பிழை என்றால் யாரைக் கேட்பது என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டுமே. சிட்னிக்கு இரவு பஸ் பதிந்தாயிற்று. புறப்படுவதற்கு முன்னால் பொயிண்ட் குக் போய், அங்கிளின் கதவைத் தட்டிப் பார்க்கப் போகிறேன்.